தை பிறக்கட்டும், பார்க்கலாம்

சிறுசேரியில் குடியிருக்கிறவன் மலை என்றால் என்னவென்றே தெரியாமல் காலம் தள்ள எல்லா வசதியும் உண்டு. கிழக்கே கோவளம், முட்டுக்காடு என்று கடலும் கழியும். பக்கத்தில் ஏரி. நடுவே சிப்காட்டின் கண்ணாடிக் கட்டடங்கள். உயரம் என்று பார்த்தால் அடுக்குமாடிகள்தான், அவற்றுக்கும் லிஃப்ட் வைத்திருக்கிறார்கள். பையனுக்கு இங்கே வேலை என்று வந்து, ஒன்பதாவது மாடியில் குடியேறி, பென்ஷன்காரனாகப் பால்கனியில் உட்கார்ந்து இந்தத் தட்டை பூமியைப் பார்த்தபோது, இனி என் வாழ்க்கையில் ஏற்றம் கிடையாது என்று ஒரு பெரிய நிம்மதி வந்தது. சாமான்களைப் பிரித்து அடுக்கி முடித்ததும் என் மனைவி கேட்டாள்: "ஏங்க, இங்கேருந்து திருக்கழுக்குன்றம் ஒரு மணி நேரம்தானாமே?"

அன்றைக்கு விழுந்தது அடி.

உங்களுக்குத் தெரியாததில்லை. ஓ.எம்.ஆர். ரோட்டில் கேளம்பாக்கம், திருப்போரூர் தாண்டி நேரே தெற்கே போனால் பூஞ்சேரி வரும். அங்கே இடப்பக்கம் திரும்பினால் மாமல்லபுரம். காற்று, கடல், வறுத்த மீன், உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கக்கூடிய சிற்பங்கள். பல்லவன் மனிதருடைய முழங்காலை மதித்தவன். அர்ஜுனன் தபசைத் தரையோடு தரையாகச் செதுக்கி வைத்திருக்கிறான். வலப்பக்கம் திரும்பினால் திருக்கழுக்குன்றம். 565 படி. பூஞ்சேரி வரும்போதெல்லாம் என் கை தானாக இடப்பக்க இண்டிகேட்டரைப் போடும். என் மனைவி ஒன்றும் பேசமாட்டாள். தொண்டையை மட்டும் செருமுவாள். வண்டி வலப்பக்கம் போய்விடும்.

நான் சும்மா தோற்றவன் இல்லை, வாதாடித் தோற்றவன். ஊருக்குள் தாழக்கோயில் இருக்கிறது, பக்தவத்சலேஸ்வரர் இருக்கிறார், திரிபுரசுந்தரி இருக்கிறாள், கோபுரம், குளம், நிழல், பொரிகடலை, எல்லாம் சமதரையில் இருக்கிறதே, மேலே இருக்கிறவரும் அதே சிவன்தானே என்றேன். "அப்ப நீங்க கீழ நில்லுங்க, நான் மட்டும் மேல போய் உங்களுக்கும் சேர்த்துக் கும்பிட்டுட்டு வரேன்" என்றாள். அதைச் சொன்ன தொனியில் எனக்காக என்ன வேண்டிக்கொள்வாள் என்பது தெரிந்தது. இன்னொரு தடவை கொஞ்சம் தத்துவமாக இறங்கினேன். நாலு வேதமும் சேர்ந்துதான் இந்த மலையாக நிற்கிறது, அதனால்தான் வேதகிரி என்று பேர், அப்படியிருக்க வேதத்தைக் காலால் மிதிக்கலாமா? "செருப்பைக் கழட்டிட்டு மிதிங்க."

கடைசியில் எனக்கு மிஞ்சிய ஆயுதம் பருவநிலை ஒன்றுதான். இப்போது வெயில், இப்போது காற்று, இப்போது மழை, தை பிறக்கட்டும், பார்க்கலாம். இந்த ஆயுதத்தோடு நான் ஏறாத மாதம் ஏறக்குறைய இல்லை.

சித்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து நாள் திருவிழா. மூன்றாம் நாள் அறுபத்துமூவர் உற்சவத்தில் நாயன்மார்கள் மலையைச் சுற்றி வருவார்கள். பார்க்கக் கண் கோடி வேண்டும். நாயன்மார்களே மலையைச் சுற்றித்தான் வருகிறார்கள், ஏறவில்லை பார்த்தாயா என்று நான் சுட்டிக்காட்டினேன். கூட்டத்தில் காதில் விழவில்லை என்றாள். விழாவெல்லாம் முடிந்து கூட்டம் வடிந்த பிறகு, கத்திரி தொடங்கியதும் ஏறினோம். காலை ஏழு மணிக்கு ஏறியிருக்க வேண்டியது. சட்னி அரைக்க, பூட்டைத் தேட, பூட்டிவிட்டோமா என்று ஒன்பதாவது மாடிக்குத் திரும்பப் போய்ப் பார்க்க என்று நேரமாகி, நாங்கள் முதல் படியில் கால் வைக்கும்போது சூரியன் எங்களுக்கு முன்பே பாதி மலை ஏறியிருந்தான்.

வெறும் காலோடு சூடேறிய கருங்கல்லில் நடக்கிறவனுக்கு ஒரு தனி நடை வந்துவிடுகிறது. நிழல் விழுந்த படியில் ராஜா மாதிரி நிற்பேன், வெயில் விழுந்த படிகளை ஒரே மூச்சில் தாவுவேன். தாவினால் மூச்சு போகிறது, நின்றால் கால் போகிறது. பக்கத்தில் ஏறிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்துச் சின்னப் பெண், "அம்மா, அந்தத் தாத்தா ஏன் டான்ஸ் ஆடுறார்?" என்று கேட்டது. அம்மாக்காரி குழந்தையை அதட்டினாள்: "வேண்டுதல்டி, அப்படிப் பேசக்கூடாது." அதற்குப் பிறகு என்னால் நடனத்தை நிறுத்தவும் முடியவில்லை. என் பின்னால் இரண்டு பேர் கைகூப்பியபடி வந்தார்கள்.

இதில் என் மாமியாரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம் வரும். எழுபதைத் தாண்டியவர். ஒவ்வொரு படிக்கும் குனிந்து மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டே ஏறுகிறவர். ஒரு படியும் விடமாட்டார். நான் வெறுங்கையோடு, எந்தப் படியையும் தொடாமல், ஒரு பாவமும் அறியாமல் ஏறுகிறேன். மேலே போய்ச் சேர்ந்தால் மண்டபத்தில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "வாங்க மாப்பிள்ளை, வந்துட்டீங்களா?" என்பார். அந்த 'வந்துட்டீங்களா'வில் எந்தக் குத்தலும் கிடையாது. அதுதான் குத்துகிறது.

அந்த மண்டபத்தில்தான் அவர் கழுகுக் கதையைச் சொல்லுவார். அவர் சின்னப் பெண்ணாக இருக்கும்போது அவருடைய அப்பா கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். உச்சிவேளை. பாறையில் தேசிகர் சர்க்கரைப் பொங்கலோடு உட்கார்ந்திருப்பார். எங்கிருந்தோ இரண்டு கழுகு வரும், பொங்கலைத் தின்னும், பாத்திரத்தில் அலகைத் துடைக்கும், போய்விடும். சாபத்தால் கழுகான முனிவர்கள். யுகத்துக்கு ஒரு ஜோடி. கலியுகத்துக்கு சம்பு, ஆதி. காசியில் குளித்து, கழுக்குன்றத்தில் சாப்பிட்டு, ராமேஸ்வரத்தில் கும்பிட்டுவிட்டு, சிதம்பரத்தில் தூங்குவதாகச் சொல்லுவார்கள். ஊருக்கே பட்சி தீர்த்தம் என்று பேர் வாங்கிக் கொடுத்தவை. 1990களின் கடைசியிலிருந்து வருவதில்லை. எனக்குப் பெரிய வருத்தம்தான். ஒரே நாளில் காசி, ராமேஸ்வரம், சிதம்பரம் என்று சுற்றியும் முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத ஜோடி.

பறவை படித்தவர்கள் அதை மஞ்சள் முகப் பாறு என்பார்கள். அழுக்கு வெள்ளை உடம்பு, மஞ்சள் முகம், நாட்டுக்கோழியைவிடக் கொஞ்சம் பெரிசு. இந்தியாவில் பாறு இனங்கள் சரிந்து விழுந்ததற்கு முக்கியக் காரணம் டைக்ளோஃபெனாக் என்கிற வலி மருந்து. மாட்டுக்குப் போட்டார்கள், அந்த மாடு செத்தால் அதைத் தின்ற பாறுகளின் சிறுநீரகம் கெட்டது. 2006இல் மாட்டு வைத்தியத்தில் அதற்குத் தடை வந்தது. கழுக்குன்றத்து ஜோடி இதனால்தான் போனது என்று யாரும் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் இதையெல்லாம் ஒரு நாள் வீட்டில் சோபாவில் உட்கார்ந்து உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, முழங்காலில் தேய்த்துக்கொண்டிருந்த களிம்பு டியூபை என் பையன் வாங்கித் திருப்பிப் பார்த்தான். "அப்பா, இதுலயும் டைக்ளோஃபெனாக்னுதான் போட்டிருக்கு." கழுகைப் பார்க்க ஏறிய வலிக்கு, கழுகுக்கு ஆகாத மருந்து. மாமியார் அன்று முழுக்க என் பக்கம் வரவில்லை.

இந்தக் குற்ற உணர்ச்சியில் அடுத்த தடவை ஏறியபோது வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்தேன்! பெரிய இறக்கை, மெல்ல வட்டமிடுகிறது, கோபுரத்துக்கு நேர் மேலே. "அதோ! சம்பு!" என்று கத்தியேவிட்டேன். மண்டபத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்து கைகூப்பினார்கள். ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு அழவே ஆரம்பித்துவிட்டார். வெள்ளரிப்பிஞ்சு விற்கிற பெண்மணி ஒருத்தி மட்டும் கூடையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அது பருந்து சார். தெனம் வரும்" என்றாள். எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். அழுத அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் விவரிக்கப் போவதில்லை.

ஆடியில் வெயில் தணிந்து காற்று. வேட்டி கட்டியவனுக்கு மலை உச்சியில் ஆடிக்காற்று என்ன மரியாதை செய்யும் என்பதை உங்கள் கற்பனைக்கு விட்டுவிடுகிறேன். ஆடிப்பூரத்தன்று தாழக்கோயில் திரிபுரசுந்தரிக்கு முழு அபிஷேகம். ஆடிப்பூரம், நவராத்திரி, பங்குனி உத்திரம் என்று வருஷத்தில் மூன்று நாள்தான் அப்படி. மற்ற நாளெல்லாம் பாதத்துக்கு மட்டும். அந்த நெரிசலைப் பார்த்துவிட்டு மேலேயும் போய்விடலாம் என்று முடிவானது. மனைவிக்கு அன்று இடுப்புப் பிடிப்பு என்பதால் புளியோதரையை நான் கிளறினேன். மேலே போய்ச் சாப்பிட டப்பாவைத் திறந்தேன். கழுக்குன்றத்தில் கழுகு இல்லையே தவிர குரங்குக்குக் குறைவில்லை. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்த ஒரு கிழட்டுக் கடுவன் அவசரமே இல்லாமல் இறங்கி வந்து, டப்பாவை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு மறுபடியும் சுவரில் போய் உட்கார்ந்தது. ஒரு பிடி அள்ளி வாயில் போட்டது. மென்றது. என்னைப் பார்த்தது. இன்னும் கொஞ்சம் மென்றது. பிறகு வேர்க்கடலையை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றுவிட்டு, டப்பாவைச் சுவரிலேயே வைத்துவிட்டுப் போனது. "திருடறதுக்குக்கூட லாயக்கில்லாம பண்ணியிருக்கீங்க" என்றாள் மனைவி. மாமியார் மட்டும், "உப்புதான் கொஞ்சம் முன்னே நிக்குது மாப்பிள்ளை, மத்தபடி நல்லாயிருக்கு" என்று ஆறுதல் சொன்னார். அவரும் கடலையைத்தான் தேடினார்.

ஐப்பசி, கார்த்திகையில் சிறுசேரியில் எது ஏரி, எது ரோடு என்று கண்டுபிடிப்பதே ஒரு கலை. அந்த மழையில் யாராவது மலை ஏறுவார்களா என்று நான் தைரியமாக இருந்தேன். ஆனால் கார்த்திகைக் கடைசி சோமவாரத்தில்தான் அங்கே 1008 சங்காபிஷேகம். ஊரில் சங்கு தீர்த்தம் என்று பெரிய குளம். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை அதில் ஒரு வலம்புரிச் சங்கு கிடைக்கும் என்பது ஐதீகம். 2011இல் ஒன்று, பிறகு 2024இல் ஒன்று என்று கிடைத்தும் இருக்கிறது. கடல் சங்கு நல்ல தண்ணீர்க் குளத்தில் எப்படிப்பா என்று பையன் கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் என்னைப் பார்த்தார். நான் கேட்கவேயில்லை, பையன்தான் கேட்டான் என்று சொல்லிவிட்டேன்.

மழையில் தரிசனம் முடித்து இறங்குகிற வழியில்தான் ஒருகல் மண்டபம். இந்த மலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கலை ரசனை ஒரு காரணம், உட்காரலாம் என்பது முழுக்காரணம். பாறையைக் குடைந்து பல்லவர் காலத்தில் செய்த குடைவரை. தடித்தடியாகத் தூண்கள், உள்ளே லிங்கம், வாசலுக்கு ஒரு துளி மழை வராது. சுவரையும் தூணையும் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் வெட்டிவிட்டுப் போன பேர்கள் தெரியும். பக்கத்தில் சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டி வியாபாரம் செய்தவர்கள். பாரம்பரியச் சின்னத்தில் பேர் கிறுக்குகிறவனை எனக்கு அறவே பிடிக்காது. ஆனால் கருங்கல்லில் அத்தனை எழுத்தையும் வெட்ட எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவ்வளவு நேரமும் ஆசாமி இங்கே உட்கார்ந்திருக்கிறான். ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்தவனுக்கே இங்கே மூச்சு வாங்கியிருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன கல்வெட்டு வேண்டும்?

அன்றைக்கு மழைக்கு ஒதுங்கி இருபது பேராவது மண்டபத்தில் நின்றார்கள். எனக்கு இப்படி ஒரு சபை வாய்த்ததே இல்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். இந்தக் கோயிலுக்குக் கந்தசிஷ்யன் என்று ஒரு பழைய அரசன் நிலம் விட்டான். வாதாபி கொண்ட நரசிங்கப் போத்தரையர் அது செல்லும் என்று உறுதி செய்தார். ஒன்பதாம் நூற்றாண்டுக் கடைசியில் ஆதித்த சோழனின் 27ஆம் ஆட்சியாண்டில் அதே நிலம் அதே கோயிலுக்கே என்று மறுபடியும் எழுதி வைத்தார்கள். அந்தக் கல்வெட்டு இன்றைக்கும் இருக்கிறது. வம்சம் மாறியும் பட்டா மாறவில்லை பாருங்கள், எங்கள் குடியிருப்பில் எனக்கென்று எழுதிக் கொடுத்த கார் நிறுத்துமிடத்தில் தினம் ஒருத்தன் வண்டி நிற்கிறது என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. சரி, வாதாபி என்றால் என்ன என்று 642ஆம் வருஷத்துப் போருக்குப் போனேன். யானைப்படையைக் கிளப்பினேன். கோட்டை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். கதவு உடைகிற நேரத்தில் மழை நின்றுவிட்டது. நரசிம்மவர்மன் வாதாபிக்குள் நுழைந்தபோது மண்டபத்தில் இருந்தது நானும் ஒரு வெள்ளாடும்தான். ஆடு மரியாதைக்குக் கொஞ்ச நேரம் நின்றது.

மிச்சப் படியை எப்படி இறங்கினேன் என்று கேட்காதீர்கள். ஈரப்பாசி. உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக இறங்கினேன். பின்னால் வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் இது ஏதோ புது விளையாட்டு என்று வரிசையாக உட்கார்ந்து நகர ஆரம்பித்தார்கள். கீழே வாத்தியார் நின்றுகொண்டிருந்தார். அவரிடம் திட்டு வாங்கியது நான்.

மார்கழியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. விடியற்காலையில் மூடுபனியில் அந்த மலையைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று மனைவி சொன்னாள். அவளும் அவள் அம்மாவும் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னது.

இப்படியாக நான் வருஷம் முழுக்கத் தவணை சொல்லிவந்த தை பிறந்தது. வெயில் இல்லை, மழை இல்லை, காற்று இல்லை, சாக்கும் இல்லை. தையை எப்படியோ பொங்கல், காணும் பொங்கல், உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம் என்று ஓட்டினேன். மாசியில் மச்சினன் குடும்பம் கோயம்புத்தூரிலிருந்து பெட்டி படுக்கையோடு வந்து இறங்கியது. "அத்தான் தை, மாசிதான் பெஸ்ட்டுனு போன்ல சொல்லிக்கிட்டே இருப்பாரு" என்றான். இப்படி ஒரு பேச்சு நினைவு அவர்கள் வம்சத்துக்கே உண்டு.

மலையடிவாரத்தில் எல்லோரும் ஜாம் ஜாமென்று கிளம்பினார்கள். காலில் ஒட்டாத இதமான கல், அளவான வெயில், தூரத்தில் வயல் பச்சை. நல்ல பருவம் என்றால் இதுதான். என்ன ஒன்று, முதல் வளைவு தாண்டியதுமே என் முழங்கால் நின்றுவிட்டது. பருவத்தின் மேல் பழிபோட அதற்குத் தெரியவில்லை. "நீங்க போங்க, நான் பையெல்லாம் பாத்துக்கறேன்" என்று பெருந்தன்மையாகச் சொல்லி நிழலில் உட்கார்ந்தேன். பக்கத்தில் நம்ம வெள்ளரிப்பிஞ்சுப் பெண்மணி. பருந்து விஷயத்தை அவள் மறந்திருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் எழுந்தாள். "சார், சும்மாதான குந்திகினு கீற? மேல கூட்டம் கீது, அரைக் கூடையை எடுத்துப் போய் வித்துட்டு வந்துடறேன். இதைக் கொஞ்சம் பாத்துக்கோ. பாக்கெட் இருபது ரூபா."

முப்பது வருஷம் அரசாங்கக் கணக்கு பார்த்தவன் நான். ஒரு கூடை வெள்ளரிப்பிஞ்சு எம்மாத்திரம் என்று நினைத்தேன். பிஞ்சை வகுந்து மிளகாய்ப்பொடி தடவிக் கொடுக்க வேண்டும் என்பதை அவள் சொல்லவில்லை. முதல் பாக்கெட்டிலேயே மிளகாய்க் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அழுதுகொண்டே விற்கிறவனிடம் ஜனங்கள் பேரம் பேசுவதில்லை, அது ஒரு லாபம். வியாபாரம் சூடு பிடித்தது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டேன். "பிஞ்சு, பிஞ்சு வெள்ளரி" என்று ஒரு குரல் கேட்டது, என்னுடையதுதான்.

அப்போது ஒருவர் குடும்பத்தோடு ஏறி வந்தார். "மூணு பாக்கெட் ஐம்பதுக்குக் குடுப்பா" என்றார். நிமிர்ந்தேன். எங்கள் குடியிருப்புச் சங்கத்துச் செயலாளர். கார் நிறுத்துமிடத்துக்காக நான் மனு மேல் மனுவாகக் கொடுத்துவருவது அவரிடம்தான். அவர் என்னைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார், கலங்கிய கண்ணைப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு இளக்கம். "சார்... நீங்களா? பையன் பாத்துக்கறதில்லையா?" என்றார் மெதுவாக. விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். மிளகாய்க் காரம் தொண்டையில் ஏறி இருமல்தான் வந்தது. நூறு ரூபாய் நோட்டை என் கையில் வைத்து மூடி, சில்லறை வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு வேகமாக மேலே போய்விட்டார்.

அந்த அம்மாள் வந்து எண்ணிப் பார்த்து, "இருபது ரூபா கொறையுது சார்" என்றாள். நூறு ரூபாய் நோட்டு போட்ட பிறகும் குறைந்தது.

மறுநாள் காலையில் கீழே போனேன். என்னுடைய கார் நிறுத்துமிடம் காலியாக இருந்தது. புதுப் பெயிண்ட் அடித்து என் வீட்டு எண்ணை எழுதியிருந்தார்கள். பையனுக்கும் செயலாளருக்கும் மட்டும் இப்போது பேச்சுவார்த்தை கிடையாது.